மிஸ் சொன்னாங்க

கல்யாணம் முடித்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் என் கணவர் விஷயத்தில் நான் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. அதற்கான தேவையை அவர் வைக்கவும் இல்லை. புத்தளம் டவுனில் வலையும் கயிறும் மிதவையும் விற்கும் ஒரு கடை, பள்ளிவாசல், தில்லையடியில் எங்கள் வீடு என்று அதற்குள் அடங்கிப்போன மனிதர். கடைக்கு வருகிறவர்களும் கண்டக்குழிப் பக்கத்து மீனவர்கள்தான், கடற்காற்றில் குரல் கரகரத்துப்போன ஆண்கள். ஆகவே, நான் பள்ளிக்கூடத்திலிருந்து பென்ஷன் போய் வீட்டில் இருந்த காலத்தில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஒரு பிள்ளையின் மேல் எனக்குப் பொறாமை வந்தபோது, அதை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

அவருக்குச் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோ எல்லாம் இருந்தன. மருந்துக்கும் குறைவில்லை. மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுப்பது ஒன்று. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத மாதங்களில் டவுனில் ஒரு பிரைவேட் டொக்டர் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. கொழும்பில் இருக்கும் மகன் ஃபோனில் சண்டைபிடித்து, சிலாபத்துக்கு வந்துபோகும் ஒரு பெரிய டொக்டரிடம் நம்பர் எடுத்துக் காட்டியதில் வந்தது வேறு. முழங்காலுக்கு மட்டும் அவர் எந்த டொக்டரிடமும் போனதில்லை. பார்மசியில் போய் நின்று, சிவப்பு மட்டையில் வரும் நோக் குளிசை என்பார், கொடுத்துவிடுவார்கள். இவை போதாதென்று, சவூதியிலிருந்து வந்த பக்கத்து வீட்டு நானா அன்பளிப்பாகத் தந்த பெயர் தெரியாத கெப்சூல்களும் இருந்தன. சிலாபத்து மருந்து மேசை இறாச்சிக்குள் கிடக்கும், மற்றதெல்லாம் ஒரு ஷொப்பிங் பேக்கில் முடிச்சுப் போடப்பட்டு அலுமாரிப் பிடியில் தொங்கும்.

வகுப்பு நிறைந்த பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள் நான். இவரை ஒழுங்காக ஒரு குளிசை விழுங்க வைக்க என்னால் முடியவில்லை. எடுத்தீங்களா என்று காலையில் கேட்பேன், ஓம் என்பார். இரவில் கேட்பேன், அப்போதும் ஓம் என்பார். மாதக் கடைசியில் பார்த்தால் கிளினிக் குளிசையில் பாதி அப்படியே கிடக்கும். கல்யாண வீட்டில் புரியாணி சாப்பிட்டு வந்த அன்று மட்டும் பயத்தில் சீனிக் குளிசையை இரண்டாகப் போடுவார். தலை பாரமாக இருக்கிறதென்றால் பிரஷருக்கு என்று எந்தப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதெல்லாம் ஒன்றாக உள்ளே போகும்.

முழங்கால் குளிசை மட்டும் ஒருநாளும் தவறாது. சீனியும் பிரஷரும் உள்ள ஆட்கள் அதை இப்படித் தொடர்ந்து எடுத்தால் கிட்னி பழுதாகிவிடும் என்று டீவியில் ஒரு டொக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து நான் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு தடவை அழுதும் பார்த்தேன். சரி, விடுகிறேன் என்பார். பிறகு ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் பார்மசி வாசலில் நிற்பார். பார்மசிக்காரரின் மகள் என்னிடம் படித்தவள். அவள்தான் எனக்குச் சொல்லுவாள்.

மருந்து கொடுக்கும் அந்தப் பிள்ளை, எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுகிறவள், எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தது இப்படியான ஒரு காலத்தில்தான். ஊர் முன்னேஸ்வரம். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து போகிறவள். அதுவரை ஆஸ்பத்திரியில் மருந்து எடுப்பதென்றால், கம்பி போட்ட ஜன்னலுக்குள் கிளினிக் கொப்பியை நீட்டுவது, உள்ளே இருந்து பைகள் வந்து விழுவது, அவ்வளவுதான். ஏதாவது கேட்கலாம் என்று குனிந்தால் பின்னால் நிற்பவர் முழங்கையால் இடிப்பார். இவள் வந்த பிறகு, ஜன்னலுக்குப் பக்கத்தில் உடைந்த கதிரைகள் போட்டு வைத்திருந்த சிறிய அறையைக் கேட்டு வாங்கித் துப்புரவாக்கினாள். புதன்கிழமை பின்னேரங்களில், நிறைய மருந்து எடுக்கிறவர்கள் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அங்கே வரலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினாள்.

என் கணவர் அதை வாசித்துவிட்டுப் போகவில்லை. அந்த அறையில் ஃபேன் சுற்றியது, அதனால் போய் உட்கார்ந்தார். மிஸ் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த புதன் பையோடு வாருங்கள் ஐயா என்று சொன்னாளாம். எங்கள் பக்கத்தில் அவரை அண்ணன் முறையில் நானா என்பார்கள், முதலாளி என்பார்கள். ஐயா என்று யாரும் கூப்பிட்டதில்லை. அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்த புதன் பையோடு போனார். திரும்பி வந்தபோது நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு மட்டையை மேசையில் வைத்தார்.

"இது இனி வேணாம். கிட்னிக்குக் கூடாதாம். மிஸ் சொன்னாங்க."

உலக்கையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன், கேலி செய்கிறாரோ என்று. இல்லை. முதன்முதலாகக் கேள்விப்பட்ட ஒரு விஷயத்தை எனக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். நான் அழுது சொன்னது அவர் காதில் எந்தக் காலத்திலும் விழுந்ததாக அந்த முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாயால் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அதற்குக் கீழே, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. அன்றைக்குச் சம்பலில் கொச்சிக்காய் உறைப்பு கூடிவிட்டது என்றார். கூடியிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் மிஸ் சொன்னாங்க என்றாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்கச் சொன்னாங்க. பாதியாக உடைக்க வேண்டாம் என்று சொன்னாங்க. மறந்துபோனால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம் என்று சொன்னாங்க. இவற்றில் பலவற்றை நான் சொல்லியிருந்தேன். மருந்துப் பைகளில் காலை, இரவு என்று கரும்பலகையில் எழுதுவதுபோலக் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, ஒரு பையில் சூரியனும் ஒரு பையில் பிறையும் கீறிக் கொடுத்திருந்தாள். இவர் அந்தப் பிறைப் பையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு நானாவுக்குக் காட்டினார். பிறை நல்ல வடிவாக இருக்கிறதாம். என் கையெழுத்தை வடிவு என்று அவர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

புதன்கிழமைகளில் கடையை அஸர் தொழுகைக்கு முன்பே சாத்தினார். சட்டையைத் தானே அயர்ன் பண்ணினார். மிஸ்ஸுக்குச் சின்னப் பிள்ளை ஒன்று இருக்கிறது, மிஸ்ஸுடைய பஸ் பாதியில் நின்றுவிட்டது, மிஸ்ஸுக்குத் தடிமன் என்று எனக்குத் தேவையில்லாத செய்தியெல்லாம் வீட்டுக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கு என் மகனைவிட வயது குறைவு. என் கணவரைப் பற்றித் தப்பாக நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை, நினைக்கவும் இல்லை. தப்பாக நினைத்திருந்தால்கூட இலேசாக இருந்திருக்கும், யாரிடமாவது சொல்லி அழலாம். என் புருஷன் இன்னொருத்தியின் பேச்சைக் கேட்டுக் குளிசை எடுக்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் மிஸ்ஸுக்கு வட்டிலப்பம் செய்து தரச் சொன்னார். செய்தேன். வேண்டாவெறுப்பாகச் செய்யத் தொடங்கி, பிறகு அதில் முந்திரிப் பருப்பை அள்ளிப் போட்டேன். இந்த மனிதருக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியட்டும் என்ற எண்ணம்தான். மறுவாரம் பாத்திரம் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காய்களோடு சேர்ந்து திரும்பி வந்தது. பால்கறி வைத்தேன். நல்ல சதைப்பற்றான காய். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒரு புதன்கிழமை, நானும் வருகிறேன் என்று புறப்பட்டேன். ஏன் என்று கேட்டார். எனக்கும் மருந்தைப் பற்றித் தெரிய வேண்டாமா என்றேன். உண்மையில் நான் போனது அவளைப் பார்க்க.

பார்க்க ஒன்றும் இல்லை. ஒல்லியான, கண்ணாடி போட்ட பிள்ளை. சேலைக்கு மேல் வெள்ளைக் கோட், கோட் பைக்குள் மூக்கைத் துடைத்த கைலேஞ்சி, தடிமன் இன்னும் விட்டபாடில்லை. குரலும் சின்னது. எங்களுக்கு முன்னால் இருந்த சிங்களக் கிழவரிடம் சிங்களத்தில் கதைத்துவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் தமிழுக்கு வந்தாள். நான் யாரென்று அவள் கேட்கவில்லை. வாங்க டீச்சர் என்றாள். இவர் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

பையில் இருந்ததை மேசையில் கொட்டினாள். சவூதிக் கெப்சூலை முதல் வாரமே அவள் ஒதுக்கிவிட்டாளாம். அது கிருமிக்குக் கொடுக்கிற மருந்து, வேறு யாருக்கோ வேறு ஏதோ வருத்தத்துக்கு எழுதியது என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை சிலாபத்து டொக்டரின் மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள், அது மேசை இறாச்சியில் தனியாகக் கிடந்தது. ஒரு பிரஷர் குளிசையைக் கையில் எடுத்து, இதை எப்படி எடுக்கிறீர்கள் ஐயா என்று கேட்டாள்.

நான் பதில் சொன்னேன். வழக்கம் அப்படித்தான். நான் கூடப் போனால் எந்த டொக்டரிடமும் கேள்வி அவருக்கு, பதில் என்னிடமிருந்து. காலையில் ஒன்று, ஒழுங்காக எடுப்பதில்லை என்றேன். அவள் என் பக்கம் திரும்பித் தலையாட்டிக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"ஐயாவும் சொல்லட்டும் டீச்சர்."

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. என் வகுப்பில் முந்திரிக்கொட்டை மாதிரி எழும்பிப் பதில் சொல்லும் பிள்ளைகளை நான் இப்படித்தான் உட்கார வைப்பேன்.

அவள் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவர் ஃபேனைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். நான் என்றால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. பிறகு இவர் கதைத்தார்.

காலையில் எடுக்கும் ஒரு குளிசை எடுத்தால் அடிக்கடி மூத்திரம் வருகிறதாம். கடையில் டொய்லட் இல்லை. கடையை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் பள்ளிவாசலுக்கு ஓட வேண்டும், அதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதனால் கடை திறக்கும் நாட்களில் அந்தக் குளிசையை எடுப்பதில்லையாம். சில நாட்களில் பயம் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால் தலை சுற்றுகிறதாம். ஒருநாள் தொழுகையில் சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பும்போது கண் இருட்டி, பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டாராம். அதிலிருந்து பள்ளியில் கடைசி வரிசையில், தூண் பக்கமாக நின்று தொழுகிறாராம்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறவள். பள்ளியில் எந்த வரிசையில் நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் அங்கே போகிறவளா? ஆனால் அவளும்தான் போகிறவள் இல்லை. அவளுக்கு அது இப்போது தெரியும்.

அவள் கிளினிக் மட்டையையும் சிலாபத்து மட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெளியே பெரிய எழுத்தில் இருப்பது கம்பனிகள் வைத்த பெயர், கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர் என்று காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். இரண்டிலும் கீழே ஒரே பெயர். கிளினிக்கில் எடுப்பதைச் சிலாபத்து டொக்டரிடம் இவர் சொல்லவில்லை, சிலாபத்தில் எடுப்பதைக் கிளினிக்கிலும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தங்கள் பங்குக்கு ஒரே மருந்தை எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த நாட்களில் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அவள் எங்களை உட்கார வைத்துவிட்டு டொக்டரிடம் போய்க் கதைத்துவிட்டு வந்தாள். பிறகு டொக்டரே கூப்பிட்டுப் பிரஷரைப் பார்த்தார். இரண்டில் ஒன்றை நிறுத்தினார். மூத்திரம் போகும் குளிசையை விடியற்காலையில் சுபஹ் தொழுதவுடனே எடுக்கலாம், கடை திறக்கும் நேரத்துக்கு அதன் வேகம் அடங்கிவிடும் என்றார். இவ்வளவுதான் விஷயம்.

திரும்பி வரும்போது த்ரீவீல் பிடித்தோம். களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. இவர் மடியில் பையை வைத்துக்கொண்டு நல்ல சந்தோஷமாக இருந்தார். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதுதான் கேட்டேன்.

"தல சுத்தினதப் பத்தி எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே. எடுத்தீங்களா எண்டுதானே கேப்பாய். அதுக்கு ஓம் எண்டு சொல்லாட்டி ஒரே ஏச்சு."

கோபமில்லாமல்தான் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல. நான் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அன்றும் மறுநாளும் அவரோடு அளவாகத்தான் கதைத்தேன். அவர் சொன்னதில் பிழையில்லை என்று தெரிந்ததுதான் கோபத்துக்குக் காரணம். நான் அவருக்கு ஏசியது அவர் செத்துப்போய்விடுவாரோ என்ற பயத்தில். அவளுக்கு அந்தப் பயம் இல்லை. பயமில்லாத ஆள் எவ்வளவு நேரமும் பொறுமையாகக் காத்திருக்கலாம். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு நானும் முயற்சி செய்து பார்த்தேன். ஒரு காலை, பிளேன்ரீயை முன்னால் வைத்துவிட்டு, இந்தக் குளிசை எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். மிஸ் மாதிரிக் கேட்க வேண்டாம், பயமாக இருக்கிறது என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

மருந்து மாற்றியதன் பிறகு தலைச்சுற்று நின்றது. கிளினிக்கில் பிரஷர் நன்றாக இருக்கிறது என்றார்கள். பள்ளியில் முன் வரிசைக்குத் திரும்பிவிட்டேன் என்று அவரே என்னிடம் வந்து சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார் என்பதைக் கவனித்துக்கொண்டேன். மிஸ்ஸிடம் முதலில் சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

அடுத்த வருடம் அவளுக்கு ஊர்ப் பக்கத்துக்கே மாற்றல் கிடைத்தது. இவர் அந்தச் செய்தியை யாரோ செத்துப்போன ஜனாஸா செய்தி மாதிரிக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளையோடு பஸ்ஸில் அலைகிறவளுக்கு நல்லதுதானே என்றேன். அது நல்ல மனதோடு சொன்னதில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது மாதிரி இருந்தது. இனிப் புதன்கிழமை வெறும் புதன்கிழமை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. புதிதாக வந்த தம்பி நல்லவர், ஆனால் அவர் ஒருவர்தான். ஜன்னலில் கூட்டம் முடியும்போது பின்னேரமாகிவிடும். அறை பூட்டிக் கிடந்தது. ஒரு மாதம் கிளினிக்கில் சீனிக் குளிசை வேறு மாதிரி வந்தது. முன்பு வட்டமாக இருந்தது, இப்போது நீளம். இவர் அதைத் தொடவில்லை. மருந்தை மாற்றிவிட்டார்கள், பிழையாகத் தந்துவிட்டார்கள் என்றார். நான் மட்டையின் அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன். பழைய மட்டையைத் தேடி எடுத்து அதையும் வாசித்தேன். இரண்டிலும் அதே பெயர், அதே அளவு. கம்பனிதான் வேறு என்று காட்டினேன். சின்ன எழுத்தைப் பார்க்கச் சொல்லித் தந்ததே உங்கள் மிஸ்தானே என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. படித்தவள், ஒரு வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவள், கண் முன்னால் வாசித்துக் காட்டுகிறேன். மிஸ்ஸிடம் கேட்கலாமா என்கிறார்.

அவருடைய ஃபோனில் அவளுடைய நம்பர் இருந்தது. அது எனக்கு அன்றுதான் தெரியும்.

கொடுங்கள் என்று வாங்கி நானே கோல் எடுத்தேன். அவளுடைய குரலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். இரண்டு மட்டையிலும் உள்ளதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன், அவருக்கும் கேட்கட்டும் என்று.

"டீச்சர் சொன்னது சரி ஐயா. ரெண்டும் ஒரே மருந்துதான். பயப்படாம எடுங்க."

இவர் மேசையில் கிடந்த நீளக் குளிசையைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. ஃபோனை வைக்கப் போனேன். அப்போது அவள், நீங்கள் ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா டீச்சர் என்று கேட்டாள்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கேஸ்ட்ரிக் குளிசை ஒன்று மட்டும் காலையில் போடுவேன் என்றேன். எவ்வளவு காலமாக என்றாள். யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிறு எரிந்தபோது ஒரு டொக்டர் கொஞ்ச நாளைக்கு என்று எழுதித் தந்தது. பிறகு பார்மசியில் நானே வாங்கிக்கொள்வேன். தொடர்ந்து எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

அவள் ஏசவில்லை. உடனே விட்டுவிட வேண்டாம், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அதைக் காட்டி, இது இன்னும் எனக்குத் தேவையா என்று கேளுங்கள் என்றாள். பிறகு, இப்போதும் வயிறு எரிகிறதா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். நான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் போய் நின்று சொல்லத் தொடங்கினேன். வயிற்றில் தொடங்கி, நித்திரை வராதது, பென்ஷன் போன பிறகு பகல் நீண்டுபோனது என்று எங்கெங்கோ போனேன். அவள் ம் ம் என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது இவர் பின்னால் கையை நீட்டியபடி நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

"என்ட மருந்தப் பத்திக் கேக்கத்தானே எடுத்த. எனக்கும் கதைக்க இருக்கு."

கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டிவிட்டு, எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்செரிவு வருகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.